அப்டேட் குடுக்கட்டுமா வேணாமா: லினக்ஸுக்கு புதுசா வந்தவங்களுக்கு

காரிமங்கலத்துல இருந்து அக்கா பொண்ணு போன் பண்ணா, "மாமா, 312 அப்டேட் இருக்குன்னு காட்டுது, குடுக்கட்டுமா வேணாமா, குடுத்தா என் ஃபைல் எல்லாம் போயிடுமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டா. அவ லேப்டாப்ல விண்டோஸ் 10 இருந்துச்சு, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, அந்த மெஷின் விண்டோஸ் 11க்கு தாங்காது, நல்லா ஓடற லேப்டாப்ப எதுக்கு தூக்கி போடணும்னு நான்தான் விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்த போட்டு குடுத்துட்டு வந்தேன். போட்டுட்டு வந்தவன் அப்டேட் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, என் தப்புதான். அவளும் மூணு மாசமா கீழ டாஸ்க்பார்ல இருக்கற ஷீல்டு ஐகான பாத்துட்டு பாத்துட்டு பேசாம இருந்திருக்கா.

அன்னிக்கு அவகிட்ட போன்ல அவசரமா சொன்னத இங்க கொஞ்சம் ஆற அமர எழுதறேன், ஏன்னா இந்த விண்டோஸ் 10 விஷயத்துக்கு அப்புறம் நம்ம பக்கம் தர்மபுரி கிருஷ்ணகிரில நெறைய பேரு பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டுட்டு இதே எடத்துல வந்து நிக்கறாங்க.

மொதல்ல கொழப்பமே அந்த வார்த்தைலதான் இருக்கு. அப்டேட்டுன்னு ஒரே பேர சொல்லி மூணு வேற வேற வேலைய செய்யறாங்க. ஒண்ணு, ஏற்கனவே இருக்கற சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சு அத அடைக்கறது, இதுதான் செக்யூரிட்டி அப்டேட். இன்னொண்ணு, ஃபயர்பாக்ஸோ லிப்ரே ஆபீஸோ புது வெர்ஷன் வந்து புது பட்டன் புது வசதின்னு மாத்தறது. மூணாவது, மொத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அடுத்த வெர்ஷனுக்கு தூக்கறது, உபுண்டுன்ற லினக்ஸ்ல 22.04ல இருந்து 24.04க்கு போறோம் பாருங்க அது. மொதல்ல சொன்னத தள்ளிப்போடவே கூடாது. மூணாவத அவசரப்பட்டு செய்யவே கூடாது. நடுவுல இருக்கறது அவங்கவங்க இஷ்டம். புதுசா வர்றவங்க பெரும்பாலும் இத உல்டாவா பண்றாங்க, தினமும் வர்ற குட்டி குட்டி செக்யூரிட்டி அப்டேட்ட பயந்து ஒதுக்கிடுவாங்க, புது வெர்ஷன் வந்துருச்சுன்னு யாராவது வீடியோ போட்டா மட்டும் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து பட்டன அமுக்கிடுவாங்க. நானும் அப்படி அமுக்குனவன்தான், அந்த கதை பின்னாடி வருது.

விண்டோஸ்ல பழகுனவங்களுக்கு ஏன் ஒரே நேரத்துல 312ன்னு காட்டுதுன்னு பகீர்னு இருக்கும். விண்டோஸ்ல ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனித்தனியா தன்ன அப்டேட் பண்ணிக்கும், பிடிஎஃப் ரீடர் ஒரு பக்கம் கேக்கும், பிரவுசர் ஒரு பக்கம் கேக்கும். லினக்ஸ்ல அப்படி இல்ல, எல்லாத்துக்கும் சேத்து ஒரே குடோன், அதுக்கு ரெப்பாசிட்டரின்னு பேரு. உங்க மெஷின்ல இருக்கற ஃபாண்ட்டுல இருந்து பிரிண்டர் டிரைவர் வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரு பேக்கேஜா அந்த குடோன்ல இருந்துதான் வருது, டிஜிட்டல் கையெழுத்த சரிபாத்துதான் உள்ள விடும். ஒரே சாஃப்ட்வேரையே பத்து துண்டா பிரிச்சு பத்து பேக்கேஜா வெச்சிருப்பாங்க, அதனால நம்பர் பெருசா தெரியும். அத பாத்து பயப்பட ஒண்ணும் இல்ல. ஃபைல் போயிடுமான்னு கேட்டா, போகாது, உங்க போட்டோ டாக்குமெண்ட் எல்லாம் ஹோம்னு தனி ஃபோல்டர்ல இருக்கு, சாதாரண அப்டேட் அந்த பக்கமே போகாது.

டெர்மினல்ல, அதாவது கமாண்ட டைப் பண்ற கருப்பு ஜன்னல்ல, பண்றவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஏபிடின்றது குடோன்ல இருந்து பேக்கேஜ எடுத்துட்டு வர்ற கமாண்டு, அதுல ஏபிடி அப்டேட்னு அடிச்சா எதுவும் அப்டேட் ஆகாது. பேரு அப்படி இருக்கே ஒழிய, அது குடோன்ல என்னென்ன புது சரக்கு வந்திருக்குன்னு லிஸ்ட்ட மட்டும் வாங்கிட்டு வரும். அதுக்கப்புறம் ஏபிடி அப்கிரேட் அடிச்சாதான் சரக்கு எறங்கும். மொத கமாண்ட மட்டும் தினமும் அடிச்சுட்டு சிஸ்டம் புதுசா இருக்குன்னு ஒரு வருஷம் நம்பிட்டு இருந்த ஆள எனக்கு தெரியும், கண்ணாடில பாத்தா தெரிவான்.

சரி, இப்ப எந்த லினக்ஸ எடுக்கறதுன்ற கேள்விக்கு வருவோம். எப்படி அப்டேட் பண்ணப்போறோம்ன்றது பாதி இங்கயே முடிவாயிடுது, லினக்ஸ்ல உபுண்டு, மின்ட்னு இருக்கற ஒவ்வொரு வகையையும் டிஸ்ட்ரோன்னு சொல்வாங்க, டிஸ்ட்ரோவ எடுக்கும்போதே அதோட அப்டேட் பழக்கத்தையும் சேத்துதான் எடுக்கறீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப சுலபமா புரியும். நான் இருக்கறது காவேரிப்பட்டணம் பக்கம், சுத்தி மாந்தோப்பு. மா வருஷத்துக்கு ஒரு தடவ காய்க்கும், எந்த மாசம் வரும்னு முன்னாடியே தெரியும், லாரிக்கு சொல்லி வெக்கலாம், ஆளுக்கு சொல்லி வெக்கலாம், மாங்கூழ் கம்பெனில பேசி வெக்கலாம், அறுப்பு முடிஞ்சா மீதி மாசம் மருந்தடிக்கறது கவாத்து பண்றதுன்னு பராமரிப்பு மட்டும்தான். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் இந்த மாதிரி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ ஒரு வெர்ஷன வெளிய விடுவாங்க, அதுக்கப்புறம் அதுல இருக்கற சாஃப்ட்வேர் பெருசா மாறாது, ஓட்டைய மட்டும் அடைச்சுட்டே இருப்பாங்க.

பாலக்கோடு ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்டவங்கள கேளுங்க, அது வேற பொழப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகணும், மண்டில இன்னிக்கு ஒரு வெல நாளைக்கு ஒரு வெல, ஒரு வாரம் வீட்ட பூட்டிட்டு திருப்பதி போயிட்டு வந்தா செடியிலயே அழுகிடும். ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூஸே டம்பிள்வீட் இதெல்லாம் தக்காளி. ரோலிங் ரிலீஸ்னு சொல்வாங்க, வெர்ஷன் நம்பர்னே ஒண்ணு கிடையாது, எழுதனவங்க புது வெர்ஷன் விட்ட கொஞ்ச நாள்லயே உங்க மெஷினுக்கு வந்துரும். எப்பவும் எல்லாமே புத்தம்புதுசா இருக்கும், உண்மைதான், ஆனா தோட்டத்துக்கு அடிக்கடி போயிட்டு வரணும். ஆர்ச்ச மூணு நாலு மாசம் தொடாம வெச்சுட்டு திடீர்னு அப்டேட் குடுத்தீங்கன்னா கையெழுத்து சரிபாக்கற சாவியே பழசாகிப்போய் எர்ரர் அடிக்கும், அத மொதல்ல புதுப்பிச்சுட்டுதான் மீதி. அதே மாதிரி ஆர்ச்ல ஒரு பேக்கேஜ மட்டும் அப்டேட் பண்ணிக்கறேன் மத்தது அப்புறம்னு சொல்லவும் முடியாது, பண்ணா மொத்தமா பண்ணணும், பாதி பண்ணா, பல புரோகிராம் பொதுவா பயன்படுத்தற லைப்ரரி ஒண்ணு புதுசு அத நம்பி இருக்கற புரோகிராம் பழசுன்னு முட்டிக்கும். அத அவங்களே தெளிவா சொல்லிட்டாங்க, பாதி அப்கிரேடுக்கு நாங்க பொறுப்பில்லன்னு.

நான் ரோலிங்க தப்பு சொல்லல. ஓசூர்ல ஐடி வேல பாக்கற என் கூட்டாளி ஆர்ச் தவிர எதையும் தொடமாட்டான், காலைல பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அப்டேட் குடுக்கற ஆளு அவன், அவனுக்கு அது புடிச்சிருக்கு. ஆனா லினக்ஸ்ல மொத வருஷம் இருக்கறவங்களுக்கு என் பதில் மாந்தோப்புதான்.

மாந்தோப்புலயும் வகை இருக்கு. உபுண்டுல ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ஒரு வெர்ஷன் வரும், நம்பரே வருஷமும் மாசமும்தான், 24.04ன்னா 2024 ஏப்ரல். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, இரட்டப்பட வருஷ ஏப்ரல்ல வர்றது மட்டும் எல்டிஎஸ், லாங் டேர்ம் சப்போர்ட், அதுக்கு 5 வருஷம் அப்டேட் வரும். நடுவுல வர்றதுக்கு எல்லாம் வெறும் 9 மாசம்தான். புதுசா டவுன்லோட் பண்றவங்க நம்பர் பெருசா இருக்கறதுதான் நல்லதுன்னு நெனச்சு அந்த 9 மாசத்துத எடுத்துட்டு அடுத்த வருஷம் முழிப்பாங்க. எல்டிஎஸ் எடுங்க. 22.04க்கு 2027 வரைக்கும், 24.04க்கு 2029 வரைக்கும் ஆயுசு இருக்கு. உபுண்டு புரோன்னு ஒண்ணு இருக்கு, சொந்தமா வெச்சிருக்கறவங்களுக்கு 5 மெஷின் வரைக்கும் காசு கிடையாது, அதுல சேந்தா 10 வருஷமா ஆயிடும், பழைய மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு அது நல்ல விஷயம்.

மின்ட், உபுண்டு எல்டிஎஸ் மேல கட்டுனது. மின்ட் 21க்கு அடியில இருக்கறது 22.04, மின்ட் 22க்கு அடியில 24.04, அதனால ஆயுசும் அதேதான். டெபியன் 1993ல இருந்து இருக்கு, சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, 12 வந்தது 2023 ஜூன், 13 வந்தது 2025 ஆகஸ்ட். ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் சுமாரா 13 மாசம்தான் சப்போர்ட், அதனால வருஷத்துக்கு ஒரு தடவயாவது பெரிய அப்கிரேட் பண்ணியே ஆகணும், நல்ல சிஸ்டம்தான், ஆனா அந்த வேலைக்கு ரெடியா இருக்கறவங்களுக்கு.

இங்க எல்லாரும் கேக்கற கேள்வி, "பழைய வெர்ஷன்லயே இருந்தா ஓட்டை இருக்காதா?" டெபியன்ல ஒரு சாஃப்ட்வேரோட நம்பர பாத்தா ரெண்டு வருஷம் பழசா இருக்கும், அது ஆபத்துன்னு தோணும். அதுதான் இல்ல. புது வெர்ஷன்ல ஒரு ஓட்டைய அடைச்சா, டெபியன் உபுண்டு ஆளுங்க அந்த அடைப்ப மட்டும் தனியா எடுத்து பழைய வெர்ஷன்ல ஒட்டி குடுப்பாங்க. பேக்போர்ட்டுன்னு சொல்றது. வீட்ல தாத்தாவோட டிவிஎஸ் எக்ஸெல் இருக்குன்னு வெய்ங்க, வண்டி அதே வண்டி, ஹேண்டில்பார் அதே ஹேண்டில்பார், பிரேக் ஷூ மட்டும் இப்பதான் மாத்துனது. ஆர்சி புக்குல வருஷத்த பாத்து பிரேக் புடிக்காதுன்னு சொல்ல முடியாது இல்லையா. அதனால நம்பர் பழசா புதுசான்னு பாக்காதீங்க, அந்த வெர்ஷனுக்கு இன்னும் சப்போர்ட் இருக்கான்னு மட்டும் பாருங்க. சப்போர்ட் முடிஞ்ச வெர்ஷன்னா பிரேக் ஷூ குடுக்க ஆளில்லன்னு அர்த்தம், அன்னிக்கு வண்டிய மாத்தித்தான் ஆகணும்.

ஏன் நான் செக்யூரிட்டி அப்டேட்ட உடனே போடு, புதுச மட்டும் மெதுவா போடுன்னு இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா, ரெண்டு நெஜ சம்பவம் இருக்கு, ரெண்டும் எதிர் எதிர் பக்கம் இழுக்கும்.

2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒண்ணு உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள பூட்டி பணம் கேட்டுச்சு, இங்கிலாந்துல நெறைய ஆஸ்பத்திரிங்க ஸ்தம்பிச்சுது. அது நுழைஞ்ச ஓட்டைக்கு மார்ச் மாசமே அடைப்பு வந்துருச்சு. ரெண்டு மாசம் கையில இருந்துச்சு, போடல. இது லினக்ஸ் கதை இல்லன்னு சொல்லலாம், ஆனா பட்டன அமுக்காம இருக்கற மனுசன் ரெண்டுலயும் ஒரே மனுசன்தான்.

இதுக்கு நேர் எதிர் 2024 மார்ச்ல நடந்துச்சு. எக்ஸ்இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃபைல சுருக்கறதுக்கு, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் சத்தம் இல்லாம உக்காந்திருக்கும். அத பராமரிக்கறதுக்கு உதவி பண்றேன்னு ஜியா டான்ற பேர்ல ஒருத்தர் வந்து வருஷக்கணக்குல நல்ல பேர் வாங்கி, கடைசில சாவிய கையில வாங்கிட்டு, 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் ஒரு திருட்டு வாசல வெச்சுட்டாரு, சர்வருக்குள்ள தூரத்துல இருந்து நுழையற எஸ்எஸ்ஹெச்ச குறி வெச்சு. கண்டுபுடிச்சது ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்டுன்னு ஒரு டேட்டாபேஸ் டெவலப்பர், எப்படி கண்டுபுடிச்சாருன்னா அவர் மெஷின்ல லாகின் ஆகறதுக்கு சுமாரா அரை செகண்டு கூட ஆகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டுனாரு. அரை செகண்டு! நம்மள்ல யாரு கவனிச்சிருப்போம், நெட்டு ஸ்லோன்னு விட்டிருப்போம். அந்த வெர்ஷன் யாருகிட்ட எல்லாம் போய் சேந்திருந்துச்சு பாருங்க, டெபியன்ல புதுச சோதிக்கறதுக்குன்னே இருக்கற டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ஃபெடோராவோட சோதனை வெர்ஷன், டம்பிள்வீட், இந்த மாதிரி புதுச மொதல்ல வாங்கறவங்ககிட்ட. எல்லாருக்கும்னு வெளிய விடற டெபியன் ஸ்டேபிள்ல இருந்தவங்ககிட்ட அது வரவே இல்ல, அவங்க பழசுலயே இருந்தாங்க.

ஆக லேட்டா போட்டதால ஒரு எடத்துல அடி, சீக்கிரமா போட்டதால இன்னொரு எடத்துல அடி வாங்க இருந்தாங்க. ரெண்டுல இருந்தும் தப்பிக்கற மாதிரி வழி இருக்கான்னா இருக்கு, அதுதான் எல்டிஎஸ்ஸோ ஸ்டேபிளோ ஒண்ணுல உக்காந்துகிட்டு அதுக்கு வர்ற செக்யூரிட்டி அப்டேட்ட மட்டும் சோம்பேறித்தனம் இல்லாம போட்டுக்கறது. புதுச மத்தவங்க மொதல்ல சாப்ட்டு பாக்கட்டும், கொஞ்சம் சுயநலம்தான், பரவால்ல.

இத தினமும் ஞாபகம் வெச்சு பண்ணணும்னு கூட இல்ல. உபுண்டு டெஸ்க்டாப்ல செக்யூரிட்டி அப்டேட் தானாவே போட்டுக்கற மாதிரிதான் செட் பண்ணி வருது. மின்ட்ல அது தானா இருக்காது, அப்டேட் மேனேஜர தொறந்து பிரிஃபரன்ஸ்ல ஆட்டோமேஷன்னு ஒரு டேப் இருக்கும், அங்க போய் ஆன் பண்ணணும், கூடவே பழைய கெர்னல, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதியோட பழைய வெர்ஷன, தூக்கிடுன்னும் ஒரு ஸ்விட்ச் இருக்கும் அதையும் ஆன் பண்ணிக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி டைம்ஷிஃப்ட். இது மின்ட்லயே இருக்கற ஒரு டூல், சிஸ்டத்த அப்படியே ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்கும், ஏதாவது கோளாறு ஆனா நேத்து இருந்த நெலமைக்கு திரும்பிடலாம். ஒண்ணு மட்டும் கவனம், அது சிஸ்டம் ஃபைலதான் புடிக்கும், உங்க போட்டோ டாக்குமெண்ட்ட சாதாரணமா புடிக்காது, அதுக்கு தனியா ஒரு பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ நீங்கதான் எடுத்து வெக்கணும்.

அடுத்து இந்த ரீஸ்டார்ட் விஷயம், லினக்ஸ்ல ரீஸ்டார்ட்டே வேணாம்னு பெருமையா சொல்லிட்டு திரியறவங்க இருக்காங்க, பாதி உண்மை. லினக்ஸ்ல ஒரு புரோகிராம் ஓடிட்டு இருக்கும்போதே அதோட ஃபைல மாத்த முடியும், பூட்டு கிடையாது. ஆனா மாத்தும்போது என்ன நடக்குதுன்னா, அதே பேர்ல புது ஃபைல் வந்து உக்காரும், ஏற்கனவே ஓடிட்டு இருக்கற புரோகிராம் பழைய ஃபைலயே புடிச்சுட்டு இருக்கும், மூடித் தொறக்கற வரைக்கும் விடாது. அதனால செக்யூரிட்டி அப்டேட் போட்டாச்சுன்னு நிம்மதியா இருப்பீங்க, பிரவுசர நாலு நாளா மூடாம வெச்சிருந்தா பழைய ஓட்டையோடயேதான் ஓடிட்டு இருக்கும். கெர்னல்னு வந்துட்டா அது மொத்த சிஸ்டத்துக்கும் அடித்தளம், மெஷின ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் புதுசு ஏறும். லேப்டாப்ப மூடி மூடி ஸ்லீப்லயே மாசக்கணக்கா வெச்சிருக்கறவங்க, வாரத்துக்கு ஒரு தடவயாவது சரியா ரீஸ்டார்ட் பண்ணுங்க.

புது கெர்னல் போட்டு ஸ்க்ரீன் வரல வைஃபை வரலன்னா பதறாதீங்க, பழைய கெர்னல தூக்கி போடாம பக்கத்துலயே வெச்சிருக்கும். ஆன் ஆகும்போது வர்ற க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்க்குள்ள போனா பழசு இருக்கும், அத எடுத்து உள்ள போயிடலாம். மெனுவே வரலன்னா ஆன் ஆகும்போது ஷிஃப்ட்டோ எஸ்கேப்போ அமுக்கி பாருங்க, மெஷினுக்கு மெஷின் மாறும்.

இப்ப என் கதை. உபுண்டு 20.04ல இருந்து 22.04க்கு மாறணும், செய்தி வந்துட்டே இருந்துச்சு, ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி மொபைல் ஹாட்ஸ்பாட்ட போட்டு பட்டன அமுக்கிட்டேன். லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு, கரண்ட்ல சொருகி வெச்சாதான் ஓடும். டவுன்லோடு நடுவுலயே அன்னிக்கு டேட்டா தீந்துருச்சு, அது பிரச்சனை இல்ல, வீட்ல இன்னொருத்தர் போன வாங்கி கனெக்ட் பண்ணேன், விட்ட எடத்துல இருந்து எடுத்துக்குச்சு. டவுன்லோடு கட்டத்துல என்ன ஆனாலும் சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா எல்லாத்தையும் எறக்கி ஒரு ஓரமா அடுக்கி வெச்சுட்டு அப்புறம்தான் கைய வெக்கும். அது கைய வெச்ச பத்தாவது நிமிஷம் நல்ல மழை, கரண்டு போச்சு. வந்து ஆன் பண்ணி பாத்தா கருப்பு ஸ்க்ரீன், ஒரு கோடு மினுக் மினுக்னு. பாதி பேக்கேஜ் புதுசு பாதி பழசு, வீட்டுக்கு வெள்ளையடிக்கறவன் பாதி செவுத்துல ஏணிய விட்டுட்டு போன மாதிரி. பொண்டாட்டி டார்ச்ச புடிச்சுட்டு "தூங்கலையா"ன்னு கேட்டா, என்ன சொல்றது. அப்புறம் க்ரப்ல ரெக்கவரி மோடுக்கு போய், விட்டுப்போன பேக்கேஜ எல்லாம் எடுத்து முடின்னு சொல்ற கமாண்டு ஒண்ணு இருக்கு, டிபிகேஜி போட்டு ரெண்டு கோடு கான்ஃபிகர், கோடு ஏன்னு வரும், அத அடிச்சு, அது கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்லி, மணி ரெண்டு ஆச்சு. தப்பிச்சுது. ஆனா பேக்கப் எடுக்காம பண்ணேன்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்கும்.

அதனால பெரிய வெர்ஷன் மாத்தும்போது கரண்டுக்கு ஒரு வழி பண்ணிக்கோங்க, பேட்டரி நல்லா இருக்கற லேப்டாப்னா ஃபுல் சார்ஜ் போட்டு சார்ஜர்லயே விடுங்க, டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இருக்கறவங்க வீட்டுக்கு தூக்கிட்டு போனாலும் தப்பில்ல. 1 ஜிபிக்கு மேல எறங்கும், தினசரி டேட்டா பேக்க நம்பாதீங்க. அடுத்த நாள் பரீட்சையோ வேலையோ இல்லாத நாளா பாருங்க. அவசரமும் கிடையாது, உபுண்டுவே எல்டிஎஸ்ல இருக்கறவங்களுக்கு புது எல்டிஎஸ் வந்த அன்னிக்கே கேக்காது, மொத திருத்தம் வர்ற வரைக்கும் காத்திருந்துட்டுதான் கேக்கும், 24.04 வந்தது ஏப்ரல், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசில, அதுக்கப்புறம்தான் 22.04காரங்களுக்கு அழைப்பு. அவங்களே நாலு மாசம் பொறுக்கறாங்க, நீங்க இன்னும் நாலு மாசம் பொறுத்தா குடி முழுகாது. ஒண்ண தாண்டி குதிக்கவும் முடியாது, 20.04ல இருக்கறவங்க 22.04க்கு போயிட்டுதான் 24.04க்கு போகணும்.

ரெண்டு படி தாண்டணும்னா நான் மேல ஏத்தறதே இல்ல, ஃபைல வெளிய எடுத்து வெச்சுட்டு சுத்தமா புதுசா போட்டுடுவேன், நேரம் மிச்சம். தமிழ்நாடு அரசு 2011ல இருந்து குடுத்த இலவச லேப்டாப் இன்னும் நம்ம பக்கம் வீட்டுக்கு ஒண்ணு பரண்ல கெடக்கும், அதுல விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டு குடுத்தாங்க, மத்திய அரசோட சிடாக் நிறுவனம் டெபியன வெச்சு பண்ணது. அத எடுத்து அப்டேட் குடுத்து பாக்கறேன்னு உக்காராதீங்க, அவ்ளோ பழசுல இருந்து படியேற முடியாது, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எடை கம்மியா ஒண்ண பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமயே அதுல இருந்தே ஓட்டி பாருங்க, வைஃபை சவுண்டு எல்லாம் வருதான்னு. வந்தா மட்டும் போடுங்க. இந்த பென்டிரைவ் சோதனைய புது வெர்ஷனுக்கு மாறும்போதும் பண்ணலாம், எதையும் தொடாம உங்க மெஷினுக்கு அது ஒத்துவருமான்னு தெரிஞ்சிடும்.

இன்னும் ரெண்டு மூணு சில்லறை விஷயம். எங்கயாவது ஒரு வீடியோல இந்த பிபிஏவ சேத்துக்கோன்னு ஒரு கமாண்டு குடுப்பாங்க. பிபிஏன்றது குடோனுக்கு வெளிய தனி ஆளு வெச்சிருக்கற பெட்டிக்கடை, தேவைன்னா வாங்கலாம், ஆனா பத்து பெட்டிக்கடைய சேத்து வெச்சிருந்தா பெரிய அப்கிரேட் அன்னிக்கு ஒண்ணோட ஒண்ணு முட்டி நிக்கும். புது வெர்ஷன்ல ஒரே ஒரு ஆப் மட்டும் வேணும்னா ஃபிளாட்பேக்ல எடுங்க, அது சிஸ்டத்த தொடாம தனியா இருக்கும், மாந்தோப்புல இருந்துட்டே வீட்டு பின்னாடி நாலு தக்காளி செடி வெச்சுக்கற மாதிரி. அப்புறம் உபுண்டுல சில பேக்கேஜ் நிறுத்தி வெக்கப்பட்டிருக்குன்னு காட்டும், பெரும்பாலும் அது கோளாறு இல்ல, புது அப்டேட்ட எல்லாருக்கும் ஒரே நாள்ல விடாம கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா விட்டு பாக்கறாங்க, உங்க மொற வரும்போது தானா வரும், இழுத்து போட வேணாம். வேற ஒரு புரோகிராம் லாக் வெச்சிருக்குன்னு எர்ரர் வந்தா பின்னாடி தானா அப்டேட் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த லாக் ஃபைல டெலீட் பண்ணுன்னு நெட்ல ஐடியா குடுப்பாங்க, பண்ணிடாதீங்க, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க முடிஞ்சிருக்கும்.

அக்கா பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். டைம்ஷிஃப்ட்ல ஒரு போட்டோ புடிக்க சொன்னேன், அவ காலேஜ் பிராஜெக்ட பென்டிரைவ்ல போட சொன்னேன், அப்புறம் அந்த 312யும் குடுத்துடுன்னேன். அரை மணி நேரம் கழிச்சு ரீஸ்டார்ட் பண்ணிட்டு திரும்ப போன் பண்ணா, எல்லாம் நல்லா வந்துருச்சாம், ஆனா குரல்ல ஒரு சந்தேகம்.

"மாமா, எதுவுமே மாறலையே?"

"ஆமாம்மா, எதுவும் மாறக்கூடாதுன்னுதான் அது."

அதுக்கு அவ, அப்ப எதுக்கு 312 எறங்குச்சுன்னு கேட்டா. பிரேக் ஷூ கதைய மறுபடியும் மொதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.